வைஸ் வேலை

காசை விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் அப்படித்தான் எடுத்தீர்கள், கவனித்தேன். கைப்பையிலிருந்து அந்தச் சின்ன உறையை வெளியே எடுத்துப் பிரித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பில் மட்டும் படும்படி காசை எடுத்து என் மேசைமேல் வைத்தீர்கள். நாணயச் சேகரிப்பாளர் சங்கத்துக்கு இந்தத் தடவை உருப்படியான ஆள் கிடைத்திருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. உங்களுக்கு முன்னால் காசு பார்த்தவர் பிஸ்கட் எடுக்கிற மாதிரி எடுப்பார்.

உட்காருங்கள் அம்மா. என் மகள் வேலையிலிருந்து வர ஐந்தரை ஆகும். இப்போது மூன்றுதான். சங்கத்தில் சேதமான காசுகளைப் போட்டுவைக்கிற பழைய பெட்டியைத் துப்புரவு செய்தபோது இந்தக் காசு கிடைத்தது என்றீர்கள். ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதிய அறிக்கையும் கூடவே இருந்தது என்றீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "ஐயா, இதைத் திருப்பிப் பார்த்தீங்களா?"

பார்த்தேன். பதில் அவ்வளவுதான். ஆனால் நீங்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், எனக்கும் வேறு வேலை இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். முடிவில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

நாற்பது வருடம் நான் சங்கத்துக்குக் காசு பார்த்தேன். சம்பளம் கிடையாது. கூட்டத்தன்று தேநீர் உண்டு, சர்க்கரை கேட்டால் மட்டும். யார் எதைக் கொண்டுவந்தாலும் என் வேலை ஒன்றுதான்: இது எரரா, சேதமா என்று சொல்ல வேண்டும். எரர் காசு என்பது நாணயச்சாலை தூக்கக் கலக்கத்தில் பெற்ற பிள்ளை. அச்சு நகர்ந்திருக்கும், அச்சடிக்காத வெறும் வில்லை கோணலாக விழுந்திருக்கும், யாரும் கவனிக்காமல் மூட்டையோடு வெளியே வந்துவிடும். லட்சத்தில் ஒன்று அப்படி வரும். மற்றதெல்லாம் நல்லபடியாகப் பிறந்து நம் கையில் வந்து சீரழிந்தவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஜனங்கள் ஏமாறுவது அதனால்தான்.

என்னென்ன பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ரயில் ஏறின காசைக் கொண்டுவந்து, தலையை எவ்வளவு பெரிதாக அடித்திருக்கிறார்கள் பாருங்கள் என்றவர் உண்டு. துணி உலர்த்தும் இயந்திரத்தின் இடுக்கில் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி, விளிம்பு தடித்துச் சிறுத்துப்போன காசைக் காட்டி, இது குழந்தைகளுக்காகத் தனியாக அடித்தது என்று சாதித்த அம்மாள் ஒருத்தி உண்டு. ஒருவர் பச்சைக் காசு கொண்டுவந்தார். நாணயச்சாலையில் வேறு உலோகம் கலந்துவிட்டது என்பது அவர் கட்சி. மூன்று தடவை கேட்டபின், வீட்டு மீன் தொட்டியில் கிடந்ததாக ஒப்புக்கொண்டார். மீன் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். செத்துவிட்டதாம். அதுவும் எரர் இல்லை, சேதம்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

சேதத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சேதம் செய்யத் தெரிய வேண்டும். சங்கத்தின் புது உறுப்பினர்களுக்குக் காட்ட நானே மாதிரிகள் செய்து வைத்திருந்தேன். சுத்தியலால் அடித்தது, அரத்தால் ராவியது, அமிலத்தில் போட்டது, அடுப்பில் வாட்டியது, எல்லாம் பெட்டி பெட்டியாக இருந்தன. இதோ இந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருக்கிறது. அங்கே ஒரு வைஸ் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும், படிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு இரும்புத் தாடைகள், நடுவில் திருகு, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. சுற்றச் சுற்றத் தாடை மூடும். நடுவில் எது இருந்தாலும் நசுங்கும். அதற்குப் பாரபட்சம் கிடையாது.

அந்த நாற்பது வருடத்தில் எனக்கென்று ஓர் எரர் காசு கிடைத்ததில்லை. தேடாமல் இல்லை. சில்லறை மூட்டைகளை வங்கியிலிருந்து வாங்கி வந்து, ஞாயிறு முழுக்கக் கொட்டிக் கிளறுவேன். என் மனைவி இருந்தவரை அதை மண் சலிப்பது என்பாள். மற்றவர்கள் கொண்டுவந்ததைப் பார்த்து 'நிஜம்' என்று பதினாறு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் தபால் ஊழியர். ஒருவர் காசையே வெறுக்கிற கவிஞர். ஒன்று, பல் டாக்டரின் ஆறு வயதுப் பெண்ணுக்கு மிட்டாய்க் கடையில் கிடைத்தது. அந்தக் குழந்தைக்கு நான்தான் கை குலுக்கிப் பாராட்டுச் சொன்னேன். ஊருக்கெல்லாம் கல்யாணம் முடித்து வைக்கிற தரகருக்குத் தன் கல்யாணம் கூடி வராது இல்லையா, அந்த மாதிரி. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இனி என் மாப்பிள்ளைக்கு வருகிறேன்.

சங்கத்தில் அவனை 'மிஷின் மாப்பிள்ளை' என்பார்கள். ரயில் நிலையங்களில் காசு போட்டால் பானம் தருகிற இயந்திரங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பழுது பார்ப்பது அவன் வேலை. இயந்திரம் ஏன் நிற்கிறது? பெரும்பாலும் ஒரு கோணல் காசு தொண்டையில் சிக்கியிருக்கும். அதைக் குறடால் பிடுங்கிப் போட்டால் வேலை முடிந்தது. என் மகளைக் கட்டிய பிறகு அவன் அந்தக் காசுகளைத் தூக்கிப் போடுவதில்லை. ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை மகளோடு இங்கே வரும்போது கொண்டுவருவான். அவர்கள் குடியிருந்தது இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி. மகள் சமையலறையில் எனக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் செய்து அடுக்குவாள். அவன் என் எதிரே, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவைத் திறப்பான்.

"மாமா, இது?"

"டேமேஜ்."

"இது?"

"டேமேஜ்."

"சரி, இது மட்டும் டேமேஜ் இல்ல மாமா, பந்தயம்."

"அது சட்டைப் பட்டன் மாப்பிள்ளை."

அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். உள்ளேயிருந்து மகள் குரல் கொடுப்பாள்: "ஒரு தடவையாவது ஆகான்னு சொல்லுங்களேன்பா, பாவம்." ஆறு வருடம் இப்படியே போயிற்று. ஒருநாள்கூட அவன் முகம் சுருங்கியதில்லை. கோபமே வராத ஆளோடு பழகுவது எவ்வளவு சிரமம் என்று பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. வேலை நோட்டில், எந்த இயந்திரம், எந்தத் தேதி என்று எழுதி, சிக்கிய காசின் தலைப் பக்கத்தைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து வைப்பான். காசின் நிழல் மாதிரித் தாளில் எழும்பும். கம்பெனி கேட்கவில்லை, அவனாகச் செய்தது. நல்ல பழக்கம் என்று நான்தான் பாராட்டினேன். நான் அவனை ஒருநாளும் பாராட்டியதில்லை என்று மகள் பிற்பாடு சொன்னது சரியல்ல.

ஒரு ஞாயிறு அவன் தனியாக வந்தான். மகளுக்குக் காய்ச்சல். டப்பா இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பேருந்துச் சீட்டை எடுத்தான். அதற்குள் மடித்து வைத்திருந்தது இந்தக் காசு.

நீங்கள் அறிவீர்கள், ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். அடிபட்ட காசு சில சமயம் கீழே விழாமல் அச்சோடு ஒட்டிக்கொண்டுவிடும். அடுத்து வருகிற வில்லைக்கு ஒரு பக்கம் ஒழுங்காகத் தலை விழும். மறுபக்கத்தில் அச்சுக்குப் பதில் ஒட்டியிருக்கிற காசு மோதும். எண் இருக்க வேண்டிய இடத்தில் அதே தலை, இடம் வலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல, உள்ளே குழிந்து விழும். ஒரு பக்கம் எழும்பிய முகம், மறுபக்கம் பள்ளமான முகம். போலியாக இதைச் செய்கிறவர்கள் இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸில் கொடுத்து நசுக்குவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். தாடையில் பட்ட பக்கம் தட்டையாகியிருக்கும். பள்ளத்துக்கு அடியில் பழைய எண்ணின் சுவடு போகாமல் கிடக்கும்.

லென்ஸைக் கண்ணில் வைத்தேன். முகம் முழுசாக இருந்தது. திருப்பினேன். பள்ளத்தில் ஒவ்வொரு தலைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது. எண்ணின் சுவடு மருந்துக்கும் இல்லை. தராசில் வைத்தேன், எடை சரி. உண்மையைச் சொன்னால், லென்ஸ் வைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நாற்பது வருடம் நான் கிளறிய மூட்டைகளில் இல்லாத காசு, ஓர் இயந்திரத்தின் தொண்டையில் இருந்திருக்கிறது.

அந்த நேரத்தில் நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அரை நிமிடம், வஞ்சனை இல்லாமல் சந்தோஷப்பட்டேன். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கும்.

"மாமா, நிஜமா இருந்தா இது உங்களுக்குத்தான். உங்க பேர்லயே சங்கத்துல வச்சிருங்க. நீங்களே கண்டெடுத்ததுன்னு சொல்லிடலாம். நான் என்ன பண்ணேன், மிஷினத் திறந்தேன், விழுந்துச்சு. அவகிட்டகூட இன்னும் சொல்லல."

பேருந்தில் கிழவனைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுக்கிறார்களே, அந்த மாதிரிச் சொன்னான். எழுந்து இடம் கொடுப்பது நல்ல பழக்கம். நானே பலருக்குக் கொடுத்திருக்கிறேன். உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், தன்னைப் பார்த்தால் இனி நிற்க முடியாதவன் மாதிரித் தெரிகிறது என்று.

அவசரப்படக்கூடாது, நிதானமாகப் பார்க்க வேண்டும், காசு இங்கேயே இருக்கட்டும் என்றேன். ரசீது கேட்டானா? மாமனாரிடம் யார் ரசீது கேட்பார்கள்? இரண்டாவது சனிக்கிழமை கூட்டத்தில் தீர்ப்புச் சொல்கிறேன் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய், சங்கச் செயலாளரான மருந்துக் கடைக்காரரிடமும், தன் கம்பெனி மேற்பார்வையாளரிடமும், மாமா ஒன்று காட்டப்போகிறார், கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவைத்தான். அதை நான் சொல்லச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அதைச் செய்தேன். கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். காலை ஆகாரம் ஆகியிருந்தது, செய்தித்தாளும் படித்து முடித்திருந்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. பழைய செருப்பின் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி, பள்ளமான பக்கத்துக்கு மெத்தையாக வைத்தேன், அந்தப் பக்கத்துக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதற்காக. முகம் இருந்த பக்கத்தை வெறும் இரும்புத் தாடையில் கொடுத்தேன். கைப்பிடியை ஒரு சுற்று, பிறகு கால் சுற்று. எடுத்துப் பார்த்தேன். மூக்கும் கன்னமும்தான் மேடு, அவை முதலில் போயின. காது பாக்கி இருந்தது. இன்னொரு கால் சுற்று. விளிம்பில் தாடையின் பல் இரண்டு கோடாக விழுந்திருந்தது. என் மாதிரிப் பெட்டிகளில் அவ்வளவு நேர்த்தியான சேதம் ஒன்றுகூட இல்லை.

எதையும் தொடாமல் 'சேதம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா என்று கேட்கலாம். அது பொய்யாகியிருக்கும். நான் அறிக்கை எழுதியது புதன்கிழமை. 'நாணயச்சாலையை விட்டு வெளியேறிய பின் ஏற்பட்ட சேதம்' என்று எழுதினேன். புதன்கிழமை நிலவரப்படி அது சரி.

கூட்டம் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. நாற்பது நாற்காலி, நாற்பதும் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில், மகள் பக்கத்தில். முன்வரிசையில் மேற்பார்வையாளர். மாப்பிள்ளை கொண்டுவந்தது என்று சொல்லிக் காசைத் தட்டில் வைத்தேன், நசுங்கிய பக்கம் மேலே. தட்டு கை மாறிப் போயிற்று. முகம் தட்டையாக இருப்பதையும், விளிம்பில் இரண்டு கோடு இருப்பதையும் விளக்கினேன். இது வைஸ் வேலை என்றேன். யார் செய்தது என்று பின்னாலிருந்து கேட்டார்கள். காசு எப்படி ஆனது என்று சொல்வதுதான் என் வேலை, யாரால் ஆனது என்பதல்ல என்றேன். அதிலும் தவறு இல்லை. யாரோ ஒருவர், "மிஷின் மாப்பிள்ளை வீட்லயே பட்டறை வச்சிருக்காரே" என்றார். சிரித்தார்கள். நாற்பது தலை ஒரே பக்கம் திரும்பியது.

மாப்பிள்ளை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. பட்டன் ஜோக் மாதிரி இதிலும் கடைசியில் ஏதோ இருக்கிறது, மாமா இப்போது சொல்வார் என்று காத்திருக்கிற பார்வை. நான் அடுத்த காசை எடுத்தேன். மகள்தான் முதலில் எழுந்து போனாள்.

நாற்பது பேர் அம்மா. எல்லோரும் சேகரிப்பாளர்கள். வீட்டில் லென்ஸ் இல்லாதவர் ஒருவர் இல்லை. காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தவர் யாருமில்லை. தேடுவது மேல்பக்கமே கிடைத்துவிட்டால் கீழே என்ன என்று யாருக்கும் தோன்றுவதில்லை. திருப்பியிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன். அந்தப் பள்ளத்தை நான் அப்படியே விட்டுவைத்தது எதற்கு என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் யோசித்திருக்கிறேன். அவ்வளவு நல்ல காசை இரண்டு பக்கமும் கெடுக்க மனசு வரவில்லை.

மறுநாள் அவன் வேலை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை.

"மாமா, நான் செய்யல."

"எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை."

"அப்போ எப்படி மாமா? இங்க பாருங்க, நோட்டுல முகம் முழுசா இருக்கு. நான் தேய்ச்சது."

வாங்கிப் பார்த்தேன். முழுசாகத்தான் இருந்தது. நல்ல பென்சில். அன்றைக்கு அந்த இயந்திரத்திலிருந்து எத்தனை காசு எடுத்தாய் என்று கேட்டேன். பதினொன்று என்றான். இதைத் தவிர ஒழுங்கான தலை இருந்தது எத்தனை என்று கேட்டேன். பத்து என்றான். தாளுக்கு அடியில் அன்று இருந்தது எந்தக் காசு என்று சத்தியம் செய்வாயா என்று கேட்டேன். அவன் நோட்டைத் திரும்ப வாங்கிப் பென்சில் கோடுகளை விரலால் தடவினான். குறடால் பிடுங்கும்போது அது தனியாக வந்ததா, இன்னொன்றோடு ஒட்டி வந்ததா என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு சேர்ந்துதான் மாட்டியிருந்துச்சு மாமா. நல்லா அழுத்திப் பிடிச்சுத்தான் இழுத்தேன்."

"அவ்வளவுதான்."

"நானேவா மாமா?"

"வேணும்னு செஞ்சேன்னு நான் சொல்லலயே."

குறடால் அப்படி ஆகாது. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், பதினைந்து வருடம் குறடு பிடித்தவன். ஆனால் ஆறு வருடமாக ஞாயிறுதோறும் நான் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்திருக்கிறது. பட்டன் உட்பட. தன் கண்ணையும் என் வார்த்தையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அவன் தன் கண்ணைத் தள்ளுபடி செய்தான். நோட்டிலிருந்து அந்தத் தாளை அவனே கிழித்து மேசைமேல் வைத்தான். உங்கள் பேரைக் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றான்.

மன்னித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இது தெரியாமல் நடந்தது என்று சங்கத்தில் எடுத்துச் சொன்னீர்களா என்று கேட்பீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை.

பதினைந்து நாளில் கம்பெனி அவனிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டது. காசு இயந்திரத்தின் சாவி, காசை வைஸில் கொடுக்கிறவன் கையில் இருக்கலாமா? மேற்பார்வையாளரைக் குறை சொல்ல முடியாது, அவரும் அன்று தட்டைப் பார்த்தவர்தான். இந்த ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. தூரத்தில், துறைமுகம் இருக்கிற ஊரில், காசு போட்டால் எடை காட்டுகிற இயந்திரங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஓர் அறையில் ஆறு பேர். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது.

போவதற்கு முன் இருவரும் இங்கே வந்தார்கள். மகள் என் முன்னால் வைத்தே அவனிடம் சொன்னாள்:

"நீங்க செஞ்சீங்களா செய்யலையான்னு நான் கேக்கல. அப்பா முன்னாடி ஒரு நாள் நிமிர்ந்து நிக்கணும். அது போதும் எனக்கு."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "நிஜமான ஒண்ணோட வர்றேன். மாமா வாயால நிஜம்னு சொல்லட்டும். அன்னைக்கு வர்றேன்."

நல்ல முடிவு என்றேன். அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. அவளுடைய பழைய அறையில் என் மாதிரிப் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன, அவற்றை வெளியேற்றிச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்தது மட்டும் நான். எப்போது என்கிறீர்களா? கூட்டத்துக்கு முந்தின நாள். கையில் நேரம் இருந்தது.

அந்த வருடமே சங்கத்திலிருந்து விலகிக்கொண்டேன். வயசாகிவிட்டது என்று சொன்னேன். கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு ஆள்தான் காசு அனுப்புகிறான். பதிவுத் தபாலில் வரும். கைபேசியில் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று ஆரம்பத்தில் கேட்டான். படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, காசு கைக்கு வர வேண்டும் என்றேன். அது எந்த நிபுணரும் சொல்வதுதான். ஒவ்வொரு தபாலிலும் ஒரு துண்டுத் தாள், அதில் எப்போதும் ஒரே வரி: 'மாமா, இது?' நான் அஞ்சலட்டையில் பதில் எழுதுவேன். அதுவும் ஒரே சொல். அட்டையைத் தெருமுனைப் பெட்டியில் போடுவது மகள். மூடாத அட்டை, படித்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவன் தொலைபேசியில் கூப்பிடும்போது அது தெரியும். அட்டை போய்ச் சேர்வதற்கு முன்பே அவள் குரல் இறங்கியிருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார்கள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. எனக்கு வேளாவேளைக்கு எல்லாம் நடக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன மாதம் அட்டையைப் போட்டுவிட்டு வந்து கதவருகே நின்றாள். "இன்னும் எத்தனை டேமேஜ்பா?" என்றாள். அது மாப்பிள்ளை அனுப்புவதைப் பொறுத்தது என்றேன். சரி என்று விளக்குப் போடப் போனாள்.

போன மாதம் வந்த காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு இல்லாத காசு. கத்திரியால் வெட்டினதா, பிறப்பிலேயே குறையா என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? குறைக்கு நேர் எதிர் விளிம்பைப் பார்ப்போம். யாரோ வெட்டியிருந்தால் எதிர் விளிம்பு முழுசாக நிமிர்ந்து நிற்கும். வில்லையாக இருக்கும்போதே குறை இருந்திருந்தால், அடிக்கும்போது எதிர்ப்பக்கம் அழுத்தம் பற்றாமல், விளிம்பு எழும்பாமல் மங்கிக் கிடக்கும். இதை யாராலும் போலி செய்ய முடியாது. துண்டுத் தாளில் இந்தத் தடவை நான்கு வரி எழுதியிருந்தான். 'மாமா, எதிர் விளிம்பு மங்கி இருக்கு. நீங்க அப்போ சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பார்த்துச் சொல்லுங்க.'

நான் எழுதியது வழக்கமான சொல்தான். அவன் மறுபடி கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மகளிடம், எனக்கு இன்னும் கண் தேறவில்லை போலிருக்கிறது என்று சொன்னானாம்.

மகளிடம் இதையெல்லாம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சொல்ல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவள் தாங்க மாட்டாள். எனக்காகச் சொல்லவில்லை, அவளுக்காகச் சொல்கிறேன். ஒன்றைக் கவனியுங்கள் அம்மா. நான் அவனுடைய காசு ஒன்றையும் தூக்கிப் போடவில்லை, விற்கவில்லை, என் பேரில் வைத்துக்கொள்ளவும் இல்லை. கெடுத்தது இதை மட்டும்தான். அதற்குப் பிறகு வைஸ் பக்கமே போகவில்லை, தேவைப்படவும் இல்லை. மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். ஏழு வருடம், அறுபத்து மூன்று காசு. ஒவ்வொன்றும் தனி உறையில், தேதி, எடை, முடிவு, என் கையெழுத்து. ஐம்பத்தொன்பது உறையில் 'சேதம்' என்று இருக்கும். மீதி நான்கையும் நீங்களே எடுத்துப் படியுங்கள். அஞ்சலட்டையில் இருந்தது வேறு. அது குடும்பத்துக்குள் எழுதுகிற கடிதம், அதில் ஆயிரம் இருக்கும். உறை அப்படியில்லை, அது ஆவணம். நான்கிலும் 'நிஜம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். ஒரு நிபுணன் உறையில் பொய் எழுதக்கூடாது.